சக்கரத்தடியில் வைத்த கல்

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளைக்குள் கால் வைத்தால் கேரளம். அங்கிருந்து பாறசாலை கூப்பிடு தூரம். இன்னும் கொஞ்சம் போனால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்களும் இந்தப் பக்கம் பெண் எடுத்தவர்களும் இன்றும் ஒரே பந்தியில்தான் உட்காருகிறார்கள். பந்தியில் விழும் பழமும் ஒன்றே. மற்ற ஊர்க்காரர்கள் நேந்திரன் என்று சொல்வதை இங்கே இரண்டு பக்கமும் ஏத்தன் என்பார்கள்.

ஓணத்துக்கு முந்தின வாரம் இந்தச் சாலையோரப் பழக்கடை எதிலாவது சற்று நேரம் நின்று பாருங்கள். கயிற்றில் ஏத்தன் குலைகள் வரிசையாகத் தொங்கும். சிப்ஸ் போடுகிறவர் வந்து குலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவருக்கு நன்றாக விளைந்த காய் வேண்டும். ஆனால் ஒரு சீப்பில் மஞ்சள் ஏறியிருந்தாலும் தள்ளிவிடுவார். சர்க்கரை ஏறிய காய் எண்ணெயில் விழுந்தால் கறுத்துப் போகும். அவர் தள்ளியதை டீக்கடைக்காரர் எடுத்துக்கொள்வார். ஏத்தக்காய் அப்பத்துக்குப் பழுத்ததுதான் தோது.

இந்த இரண்டு பேரின் தேவைக்கும் நடுவே சில நாள்தான் இடைவெளி. குலை தள்ளிய நாளிலிருந்து மாதக்கணக்கில் பச்சையாகவே தொங்கிய காய், ஒரு கட்டத்தில் மூன்று நான்கு நாளில் தோல் மஞ்சளாகி, உள்ளே மாவு சர்க்கரையாகி, தெருவுக்கே மணக்கிறது. அதுவரை அதைப் பிடித்து வைத்திருந்தது எது? பிடியை விடச் சொன்னது எது?

விடச் சொன்னது ஒரு வாயு. பிடித்து வைத்திருந்தது அந்த வாயுவை உணரும் ஏற்பி. வாயுவைக் கண்டுபிடித்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஏற்பியை அடையாளம் கண்டு முப்பது ஆண்டு கடந்தும், அதன் போக்கு ஆய்வாளர்களுக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

புகை போட்டவர்கள்

முன்பெல்லாம் வீட்டுத் தேவைக்குக் குலை பழுக்க வைக்க மூட்டம் போடுவார்கள். பறம்பில் ஒரு குழி. அடியில் வாழைச் சருகு. குலையை இறக்கி, மேலே இலை பரப்பி, மண் போட்டு மூடி, ஓரத்தில் ஒரே ஒரு துவாரம் விடுவார்கள். ஓட்டைப் பானையில் கதம்பையும் சிரட்டையும் போட்டுக் கனல வைத்து, ஊதி ஊதிப் புகையை அந்தத் துவாரம் வழியாக உள்ளே தள்ளுவார்கள். பிறகு வாயை அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. தீ கொழுந்துவிட்டு எரிந்தால் காரியம் நடக்காது, புகைந்தால்தான் நடக்கும். சூட்டில்தான் காய் பழுக்கிறது என்று பலரும் நினைத்தார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா எலுமிச்சை வணிகர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பச்சைக் காய்களை அறையில் அடுக்கி மண்ணெண்ணெய் அடுப்பு வைத்தால் தோல் மஞ்சளாகும். சிலர் அடுப்பை நீக்கிவிட்டு நவீன முறையில் அறையைச் சூடாக்கியபோது காய் பச்சையாகவே இருந்தது. 1924-இல் டென்னி என்ற ஆய்வாளர் விடை சொன்னார்: வேலை செய்தது சூடல்ல, அரைகுறையாக எரிந்த மண்ணெண்ணெயிலிருந்து வந்த எத்திலீன் வாயு. நம் ஊர்க் கதம்பைப் புகையிலும் இருப்பது அதுதான்.

எத்திலீன் மிகச் சிறிய பொருள்: இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். செடிக்கு அது என்ன செய்யும் என்பதை முதலில் தெளிவாகப் பிடித்தவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த டிமித்ரி நெல்யுபோவ். இருட்டறையில் அவர் முளைக்கப் போட்ட பட்டாணி நேராக மேலே வராமல் குட்டையாக, தடித்து, பக்கவாட்டில் படுத்து வளர்ந்தது. வெளிக்காற்றில் வைத்தால் சரியாக வளர்ந்தது. ஆய்வுக்கூட விளக்குகளுக்கு வந்த எரிவாயுவில் கலந்திருந்த எத்திலீனே காரணம் என்று 1901-இல் எழுதினார். 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்று வேதியியல் முறையில் காட்டினார். அதுவரை வெளியிலிருந்து வரும் வாயு என்று கருதப்பட்டது, பழம் தன் உடம்பிலேயே சுரக்கும் ஹார்மோன் என்றாயிற்று. காற்றில் பரவும் ஹார்மோன் என்பதால் ஒரு பழம் சுரப்பது பக்கத்துப் பழத்துக்கும் போய்ச் சேரும். பச்சைச் சீப்புக்கு நடுவே ஒரு பழுத்த பழத்தை வைத்து மூடும் வீட்டு வழக்கத்தின் பின்னணி இதுவே.

இருட்டில் நெட்டையாக நின்ற செடி

ஹார்மோன் என்பது கடிதம் மாதிரி. படிக்க ஆள் இல்லாவிட்டால் கடிதத்தால் பயனில்லை. செல்லில் அதைப் படிக்கும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். நம் உடம்பில் இன்சுலின் வந்து தன் ஏற்பியில் ஒட்டியதும் ஏற்பி விழித்துக்கொண்டு, செல்லுக்குள் வேலையைத் தொடங்கி வைக்கிறது. ஹார்மோன் வராத வரை ஏற்பி சும்மா இருக்கும். வந்தால் வேலை செய்யும். எத்திலீன் ஏற்பியும் இப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

தேடல் தொடங்கியது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில். அதன் விதைகளில் மரபணுத் திரிபு உண்டாக்கி, இருட்டில் எத்திலீன் ஊட்டி முளைக்க வைத்தார்கள். எல்லா நாற்றும் நெல்யுபோவின் பட்டாணிபோலக் குட்டையாக நிற்கையில், வாயு இருப்பதே தெரியாததுபோல ஒன்று மட்டும் நெட்டையாக வளர்ந்தால் அதுதான் தேடும் செடி. 1988-இல் ஆன்டனி பிளீக்கரும் கூட்டாளிகளும் அப்படி ஒன்றைப் பிடித்தார்கள். அதில் பழுதாகியிருந்த மரபணுவுக்கு இடிஆர்-1 என்று பெயர். 1993-இல் கேரன் சாங், எலியட் மேயரோவிட்ஸ் ஆகியோர் பிளீக்கரோடு சேர்ந்து அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு பாக்டீரியாக்கள் சுற்றுப்புறத்தை உணரப் பயன்படுத்தும் புரதங்களின் சாயலில் இருந்தது. ஒரு செடியில் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அது உண்மையில் எத்திலீனைப் பிடிக்கிறதா? 1995-இல் எரிக் ஷாலரும் பிளீக்கரும் அந்த மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள். நாம் கள்ளிலும் ஆப்ப மாவிலும் பார்க்கும் அதே ஈஸ்ட். அதற்கு எத்திலீனோடு எந்த உறவும் கிடையாது. இடிஆர்-1 உள்ளே போனதும் ஈஸ்ட் எத்திலீனைப் பிடித்து வைத்துக்கொண்டது. செடியுலகில் கையும் களவுமாகப் பிடிபட்ட முதல் ஹார்மோன் ஏற்பி இது.

தலைகீழ்க் கணக்கு

அரபிடாப்சிஸில் இப்படி ஒன்றல்ல, ஐந்து ஏற்பிகள் இருப்பது பின்னால் தெரிந்தது. இங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

இன்சுலின் ஏற்பி இல்லாத உடம்பு இன்சுலினை உணராது. அந்தக் கணக்கில், எத்திலீன் ஏற்பிகளைப் பழுதாக்கினால் செடி எத்திலீனை உணராமல் நெட்டையாக வளர வேண்டும். 1998-இல் ஜியான் ஹுவாவும் மேயரோவிட்ஸும் ஐந்தில் ஒன்றை அழித்துப் பார்த்தார்கள்; பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நான்கை ஒருசேர அழித்தபோது செடி குட்டையானது. எத்திலீனே இல்லாத காற்றில், எத்திலீனில் முங்கிக் கிடப்பதுபோல வளர்ந்தது.

புரிந்துகொள்ள நம் ஊர்ச் சாலைக்கே வருவோம். இந்தப் பகுதியில் சமதளமே கிடையாது; ஏற்றமும் இறக்கமும்தான். இறக்கத்தில் குலை ஏற்றிய லாரி ஒன்று நிற்கிறது. சக்கரத்தடியில் ஓட்டுநர் கல் வைத்திருக்கிறார். லாரி கீழே போக யாரும் தள்ள வேண்டாம், கல்லை எடுத்தால் போதும். ஏற்பிதான் அந்தக் கல். எத்திலீன் அதை எடுக்கும் கை.

எத்திலீன் இல்லாத நேரத்தில்தான் இந்த ஏற்பி ஓயாமல் வேலை செய்கிறது. சிடிஆர்-1 என்ற இன்னொரு புரதத்தைப் பக்கத்தில் இருத்தி, 'விடாதே, பிடி' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. சிடிஆர்-1 தன் கீழே உள்ள இஐஎன்-2 என்ற புரதத்தை அசையவிடாமல் கட்டி வைக்கிறது. எத்திலீன் வந்து ஒட்டியதும் ஏற்பி ஓய்ந்துவிடுகிறது. சிடிஆர்-1 பிடியை விடுகிறது. இஐஎன்-2-இன் வால்பகுதி துண்டாகி, செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை எழுப்புகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தை மூன்று ஆய்வுக்குழுக்கள் 2012-இல் தனித்தனியே கண்டுபிடித்தன.

கல் கணக்கை வைத்துப் பார்த்தால் முன்பு புரியாதது எல்லாம் புரிகிறது. ஐந்து கல் வைத்த சக்கரத்தில் ஒன்றை எடுத்தால் லாரி நகராது. மூன்று நான்கை எடுத்தால் உருண்டுவிடும். பிளீக்கர் 1988-இல் பிடித்த நெட்டைச் செடியின் கதை இதற்கு மறுபுறம். அதில் கல் காணாமல் போகவில்லை, சிமென்ட் வைத்து ஒட்டிக்கொண்டது. எத்திலீன் கை எத்தனை முறை இழுத்தாலும் வராது. மீதி நான்கையும் எடுத்தாலும் ஒட்டிய ஒன்றே லாரியை நிறுத்தப் போதும். 'பழுக்கவே பழுக்காத' தக்காளி ரகம் ஒன்று வெகுகாலமாக விதைச் சேகரிப்புகளில் இருந்துவந்தது. அதன் காய் எத்தனை நாளானாலும் சிவக்காமல் மஞ்சளில் நின்றுவிடும்; எத்திலீன் ஊட்டினாலும் மாறாது. அங்கும் எத்திலீன் ஏற்பியின் மரபணுவில்தான் திரிபு என்று 1995-இல் தெரிந்தது.

செம்பும் வெள்ளியும்

எத்திலீனைப் பிடிப்பது சாதாரண வேலையல்ல. எத்திலீனோடு ஒப்பிட்டால் இன்சுலின் மிகப் பெரியது. பிடித்துக்கொள்ள மேடு பள்ளம் நிறைய உண்டு. எத்திலீனுக்குக் கொம்பும் இல்லை வாலும் இல்லை, மின்னேற்றமும் இல்லை. இப்படி வழுக்கும் பொருளைப் புரதம் எதைக்கொண்டு பிடிக்கும்? ஏற்பியில் ஓர் உலோகம் இருக்க வேண்டும் என்று ஸ்டான்லி பர்க்கும் எல்லன் பர்க்கும் 1967-இலேயே ஊகித்திருந்தார்கள். 1999-இல் பிளீக்கரின் குழு அதைக் காட்டியது: ஏற்பியின் சவ்வுக்குள் புதைந்த பகுதியில் செம்பு அயனி அமர்ந்திருக்கிறது. எத்திலீனின் இரட்டைப் பிணைப்பு வந்து ஒட்டுவது அந்தச் செம்பில். செம்பைக் கொண்டுவந்து பொருத்தும் புரதம் செடியில் பழுதானால் ஏற்பியும் பழுதுதான்.

செம்பின் இடத்தில் வெள்ளி அயனி போய் உட்கார்ந்தால் வேடிக்கை நடக்கிறது. எத்திலீன் வந்து ஒட்டுகிறது, ஏற்பி ஓய்வதில்லை. கை கல்லைப் பிடித்திருக்கிறது, கல் அசையவில்லை. வெள்ளி அயனி எத்திலீனின் வேலையை முடக்குவதை 1976-இல் பேயர் என்ற ஆய்வாளர் கண்டார். பூ வியாபாரத்தில் கார்னேஷன் பூக்கள் சீக்கிரம் வாடாதிருக்க வெள்ளி கலந்த கரைசலில் காம்பை நிறுத்தும் வழக்கம் அதிலிருந்து வந்தது. உண்ணும் பொருளில் வெள்ளி கூடாது என்பதால் வேறொன்றைத் தேடினார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் 1-எம்சிபி என்ற வாயுவைக் கண்டார்கள். ஏற்பியில் எத்திலீன் உட்காரும் நாற்காலியில் இது முன்னதாகவே போய் அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டு ஆப்பிள் மாதக்கணக்கில் கிடங்கில் இருந்தும் மொறுமொறுவென்று கைக்கு வருவதில் இதற்குப் பங்கு உண்டு.

கணக்கில் உதைக்கும் இடங்கள்

இவ்வளவும் தெரிந்த பிறகு மிச்சம் என்ன என்று கேட்கலாம். மிச்சம்தான் சுவாரசியம்.

ஈஸ்ட்டில் வைத்து அளந்தபோது, ஏற்பியில் ஒட்டிய எத்திலீனில் பாதி விலகவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் எத்திலீன் ஊட்டிய நாற்றை நல்ல காற்றுக்கு மாற்றினால் ஒன்றரை மணி நேரத்தில் பழையபடி வளரத் தொடங்கிவிடுகிறது. கை இன்னும் கல்லை விடாதபோது லாரி எப்படி நிற்கிறது? எடுத்த கல்லுக்காகச் செடி காத்திருப்பதில்லை, புதுக் கல்லைச் செய்து வைத்துவிடுகிறது என்பது ஒரு பதில். எத்திலீன் ஒட்டிய ஏற்பிகளைச் செல் அழித்துவிட்டுப் புதியவற்றை உண்டாக்குவதற்குச் சான்றுகள் உண்டு.

உணர்திறனும் ஒரு புதிர். ஏற்பிகளில் பாதியை நிரப்பத் தேவைப்படும் எத்திலீனில் மிகச் சிறு பங்கே இருந்தாலும் நாற்று உணர்ந்துகொள்கிறது. அதாவது மிகச் சில ஏற்பிகளில் வாயு ஒட்டியதுமே செடிக்குச் செய்தி போய்விடுகிறது. பாக்டீரியாவின் ஏற்பிகள் கூட்டமாக ஒட்டி நின்று, ஒன்றுக்கு நேர்ந்ததைப் பக்கத்தில் இருப்பதற்குச் சொல்லும். இங்கும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். ஆனால் அப்படியிருந்தால், கற்கள் தனித்தனியாக அல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன என்று பொருள். லாரி உவமையையே திருத்த வேண்டிவரும்.

மூன்றாவது, ஐந்து ஏற்பிகளும் ஒரே வேலையைச் செய்பவை என்ற எண்ணம் பொய்த்தது. உப்பு மண்ணில் விதை முளைப்பதை இடிஆர்-1 தடுக்கிறது, அதன் உடன்பிறப்பான இடிஆர்-2 ஊக்குகிறது என்று 2014-இல் பிராட் பைண்டரின் குழு காட்டியது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் எதிரெதிர்க் கட்சியில் இருப்பதுபோல.

இன்னொன்று. பாக்டீரியாவில் இந்த வகைப் புரதம் பாஸ்பேட்டைக் கைமாற்றிச் செய்தி சொல்லும். இடிஆர்-1-க்கும் அந்தத் திறமை உண்டு. ஆனால் அதை வெட்டி எறிந்தாலும் எத்திலீன் செய்தி பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்படியானால் செம்பில் வாயு ஒட்டிய செய்தி சவ்வைக் கடந்து மறுமுனைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதே இன்றைய பெரிய கேள்வி.

இந்த ஏற்பியின் பூர்வீகமும் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. குளத்து நீரை நீலப்பச்சையாக்கும் சயனோபாக்டீரியாக்களில் எத்திலீனைப் பிடிக்கும் ஏற்பி உண்டு. அவற்றில் பழமும் இல்லை, பூவும் இல்லை. ஒளியை நோக்கி நகர்வதை அந்த ஏற்பி மாற்றியமைக்கிறது. செடியின் பச்சையமணிகள் அப்படிப்பட்ட பாக்டீரியா ஒன்றின் வழிவந்தவை. ஏற்பியின் மரபணுவும் அவற்றோடு உள்ளே வந்தது என்பது பரவலான கருத்து. பழம் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அதைப் பழுக்கவிடாமல் பிடிக்கும் கல் தயாராகிவிட்டது.

பத்து நாள் கழியட்டும்

மீண்டும் வாழைத்தோப்புக்கு வருவோம். குலை வெட்டலாமா என்று இளையவர் கேட்டால் மூத்தவர் காயைக் கையால் தடவிப் பார்ப்பார். விளிம்பு இன்னும் கூராக இருந்தால், "விளையல்ல மக்களே, பத்து நாள் கழியட்டும்" என்பார். விளிம்பு மழுங்கி, காய் உருண்டு திரண்ட பிறகுதான் அரிவாள் ஏறும்.

அந்தப் பத்து நாளில் காய்க்குள் மாவு சேர்கிறது என்பது தெரிந்ததுதான். இன்னொன்றும் நடக்கலாம் என்பதற்குத் தக்காளியில் தடயம் கிடைத்தது. தக்காளியில் ஏழு எத்திலீன் ஏற்பிகள். 2007-இல் ஹாரி கிளீயின் குழு, பழுக்கும் காலம் நெருங்க நெருங்கச் சில ஏற்பிப் புரதங்கள் சிதைந்து குறைவதைக் கண்டது. அதில் ஒரு முரண்: ஏற்பி செய்வதற்கான மரபணுக் கட்டளை அப்போது கூடுகிறது, கையிருப்பில் ஏற்பி குறைகிறது. செய்வதைவிட வேகமாக அழிகிறது. இளங்காய்க்கு எத்திலீன் கொடுத்தால் உடனே பழுக்காது. ஆனால் ஏற்பிகள் அழிவதால் பழுக்கும் நாள் முன்னால் வருகிறது. அப்படிக் குறையும் ஏற்பிகளில் ஒன்றை மரபணு முறையில் குறைத்துப் பார்த்தார்கள். காய் சில நாள் முன்னதாகவே பழுத்தது.

காய் தன் வயதை எப்படி எண்ணுகிறது என்பதற்கு இது ஒரு விடை. கற்களைக் கொண்டு எண்ணுகிறது. காற்றில் உள்ள சொற்ப எத்திலீனும் நாள்தோறும் ஒன்றிரண்டு கல்லைக் கழற்றிக்கொண்டே இருக்கிறது. போதுமான அளவு கழன்ற பின் ஒரு சின்னக் கை பட்டால் லாரி உருளும். உருளத் தொடங்கியதும் பழம் தானே எத்திலீனைப் பெருக்குகிறது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஏசிசி என்ற இடைப்பொருள் வழியாக எத்திலீன் உண்டாகும் பாதையை 1979-இல் ஆடம்ஸும் ஷாங் ஃபா யாங்கும் கண்டார்கள். பழுக்கத் தொடங்கிய வாழையில் இந்தப் பாதை முழுவீச்சில் ஓடும். அதனால்தான் ஒரு சீப்பு மஞ்சளானால் மறுநாள் குலையே மஞ்சளாகிறது. பச்சை வாழைக்காயில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு மாவு. மலைவாழை, பச்சை நாடன் போன்ற உண்ணும் ரகங்கள் பழுத்து முடியும்போது அதில் ஓரிரு பங்குதான் மிஞ்சும். ஏத்தனில் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். வேகவைத்துச் சாப்பிட அது ஏற்றதாக இருப்பது அதனால்தான்.

கையை மாற்றிய வியாபாரம்

கார்பைடு கல்லைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அதன் உருவம் எத்திலீனை ஒத்திருப்பதால் ஏற்பியின் செம்பு ஏமாந்துபோகிறது. ஆனால் சரியாகப் பொருந்தாததால் அளவு பல மடங்கு கூடுதலாக வேண்டும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்களின் தடயமும் உண்டு. இந்தியாவில் பழம் பழுக்க வைக்கக் கார்பைடைப் பயன்படுத்துவதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. அதற்கு மாற்றாக எத்திலீன் வாயுவை, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை பயன்படுத்த 2016-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது.

முறையான பழுக்கவைக்கும் அறையில் வெப்பம் 16 முதல் 18 டிகிரி, காற்றில் நல்ல ஈரம், ஒரு நாள் எத்திலீன். பிறகு அறையைத் திறந்து காற்றோட்டம் விடுவார்கள். பழங்கள் மூச்சுவிட்டு நிறைக்கும் கரியமில வாயு மிகுந்தால் அது எத்திலீனின் வேலையைத் தடுக்கும். குழி மூட்டத்தில் வாயை எப்போது திறப்பது என்பதில் பெரியவர்கள் கறாராக இருந்ததற்கு அனுபவம் காரணம். கரியமில வாயுக் கணக்கும் அதில் ஒளிந்திருந்தது.

எத்திலீன் சுரக்கும் செயற்கை மருந்தான எத்திபான் இந்தப் பகுதி ரப்பர் தோட்டங்களிலும் நுழைந்திருக்கிறது. வெட்டுப்பட்டையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்குக் கரைசலைத் தடவினால் மரத்துக்குள் எத்திலீன் உண்டாகி, பால்குழாய் சீக்கிரம் அடைபடாமல் பால் நீண்ட நேரம் வடியும். பால் வெட்ட ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை வெட்டினாலும் கட்டுப்படியாவதற்கு இது உதவுகிறது. அளவு மீறினால் பட்டை மரத்துப்போய்ப் பால் நின்றுவிடும். அன்னாசித் தோட்டத்தில் இதே மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குருத்தில் விட்டால் எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்கும். வாழையில் பழுக்க வைப்பது, ரப்பரில் பால் வடிய வைப்பது, அன்னாசியில் பூக்க வைப்பது எல்லாம் ஒரே வாயு, ஒரே வகை ஏற்பி. இறக்கத்தில் எந்த லாரி நிற்கிறதோ அதுதான் உருளும்.

ஆகவே பழம் வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. எந்த வாயுவும் காயை விளைவிக்காது. இளங்குலையை வெட்டி வாயு ஊட்டினால் தோல் மஞ்சளாகலாம். சேராத மாவு சர்க்கரையாக முடியாது. குலை முழுக்க ஒரே சீரான மஞ்சள், காம்பு மட்டும் கடும் பச்சை, கடித்தால் சவசவ, மணமே இல்லை என்றால், அது விளைவதற்கு முன் வெட்டியதாக இருக்கலாம். விளைந்த ஏத்தன் காய் கிடைத்தால் வாங்கிவந்து, அதோடு ஒரு பழுத்த பழத்தை வைத்து, காற்று கொஞ்சம் போய்வரும் காகிதப் பையிலோ அரிசிப் பானையிலோ மூடி வையுங்கள். பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்ட வேண்டாம். பழுக்க வைக்க ஒரு பழம் போதும். மிச்ச வேலை காய்க்கே தெரியும்.